நார்மன் போவன்

நார்மன் லெவி போவன் (ஜூன் 21, 1887 – செப்டம்பர் 11, 1956) கனடாவில் பிறந்து, தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியை ஐக்கிய அமெரிக்காவில் கழித்த பாறையியலாளர் ஆவார். செய்முறைப் பாறையியலின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். உருகிய பாறைக் குழம்பு குளிரும்போது அதிலிருந்து கனிமங்கள் எந்த ஒழுங்கில் படிகமாகின்றன என்பதைக் காட்டும் போவன் எதிர்வினை வரிசை இவர் பெயரால் வழங்குகிறது. நிலவியல் பயிலும் மாணவர்கள் தொடக்க நிலையிலேயே கற்கும் பாடங்களுள் அதுவும் ஒன்று.

அந்த வரிசையின் அளவுக்குப் பரவலாக அறியப்படாத மற்றொரு பணியையும் இவர் செய்தார். உருகிய சிலிக்கேட்டில் ஒரு பொருள் மற்றொன்றினுள் எவ்வளவு விரைவாக விரவுகிறது என்பதை அளந்து, அதன் முடிவை 1921-ஆம் ஆண்டு வெளியிட்டார். விரவல் மிகவும் மெதுவாக நடைபெறுகிறது என்று அவ்வளவீடு காட்டியது. மலைகளின் தோற்றத்தை விளக்கும் பொருட்டுச் செய்யப்பட்ட இவ்வகை அளவீடு, ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அணுகுண்டு வெடிப்பின் தீப்பந்து குளிர்ந்த வேகத்தைக் கணக்கிடுவதற்கும் அடிப்படையாக அமைந்தது.

பிறப்பும் கல்வியும்

போவன் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள கிங்ஸ்டன் நகரில் பிறந்தார். அந்நகரிலேயே அமைந்துள்ள குயின்சு பல்கலைக்கழகத்தில் வேதியியலும் கனிமவியலும் பயின்று, 1907-இல் முதுகலைப் பட்டம் பெற்றார். பின்னர் அங்கேயே கனிமவியல், நிலவியல் ஆகியவற்றில் 1909-இல் மற்றொரு பட்டமும் பெற்றார்.

மாணவராக இருந்தபோது வட ஒன்டாரியோவில் களப்பணிகளில் ஈடுபட்டார். கௌகண்டா ஏரிப் பகுதியில் அடர்நிறமான டயபேசு பாறையும் வெளிர்நிறமான கிரானோபயர் பாறையும் அருகருகே காணப்பட்டன. இவ்விரண்டையும் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1910-இல் வெளிவந்தது. ஓரிடத்தில் அடுத்தடுத்துக் கிடக்கும் இரு பாறைகள் தம் வேதியியல் இயைபில் இவ்வளவு வேறுபடுவது ஏன் என்ற வினா அவருடைய வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது.

மேற்படிப்புக்காக மாசாச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்தார். வாசிங்டனில் இருந்த கார்னகி நிறுவனத்தின் புவி இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், நெபிலின், அனார்தைட்டு ஆகிய கனிமங்களின் கலவை உருகி உறைவதைப் பற்றிச் சோதனைகள் செய்து, அதன் அடிப்படையில் 1912-இல் முனைவர் பட்டம் பெற்றார். முன்னதாக 1911-இல் மேரி லமான்ட் என்பவரை மணந்தார். இவர்களுக்குக் காத்தரின் என்ற மகள் உண்டு.

புவி இயற்பியல் ஆய்வுக்கூடம்

பட்டம் பெற்ற உடனேயே அதே ஆய்வுக்கூடத்தில் பணியில் அமர்ந்தார். 1905-இல் நிறுவப்பட்ட இந்த ஆய்வுக்கூடம், பாறைகளைக் களத்தில் காண்பதோடு நிற்காமல், அவற்றை உலையில் உருவாக்கிப் பார்க்கவேண்டும் என்ற நோக்கத்துடன் செயல்பட்டது.

அங்கு கையாளப்பட்ட முறை எளிமையானது. தூய வேதிப்பொருட்களைத் தேவையான விகிதத்தில் கலந்து, சிறிதளவை மின் உலையில் வைத்து, வெப்ப இரட்டையின் துணையுடன் ஒரே வெப்பநிலையில் நிறுத்துவர். கலவை சமநிலை அடைந்ததும் அதனைப் பாதரசத்திலோ வேறு குளிர்ந்த பொருளிலோ விழச்செய்து நொடிப்பொழுதில் உறையவைப்பர். அந்த வெப்பநிலையில் நீர்மமாக இருந்த பகுதி கண்ணாடியாக உறையும். படிகமாக இருந்த பகுதி படிகமாகவே எஞ்சும். நுண்ணோக்கியில் பார்த்தால் எந்த வெப்பநிலையில் எது படிகமாயிற்று என்பது தெரிந்துவிடும்.

இம்முறையின் அடிப்படையில் ஒரு கருத்து அமைந்துள்ளது. விரைவாகக் குளிர்ந்த கண்ணாடி, தான் நீர்மமாக இருந்த கடைசிக் கணத்தின் நிலையை அப்படியே காத்துவைக்கிறது. அணுக்கள் இடம்பெயர்வதற்குள் நீர்மம் உறைந்துவிடுவதே இதற்குக் காரணம்.

இம்முறையைக் கொண்டு போவன் 1913-இல் பிளாஜியோகிளேசு ஃபெல்ட்ஸ்பார்களின் உருகுநிலை வரைபடத்தை வெளியிட்டார். கால்சியம் மிகுந்த படிகம் உயர் வெப்பநிலையில் முதலில் உருவாகிறது என்றும், குளிரக் குளிர அது சுற்றியுள்ள நீர்மத்துடன் வினைபுரிந்து படிப்படியாகச் சோடியம் மிகுந்ததாக மாறுகிறது என்றும் அவ்வரைபடம் காட்டியது. 1914-இல் ஓலாஃப் ஆண்டர்சனுடன் இணைந்து மக்னீசியம் ஆக்சைடு – சிலிக்கா அமைப்பை ஆராய்ந்தார். முதலில் தோன்றிய ஒலிவின் படிகம், பின்னர் நீர்மத்துடன் வினைபுரிந்து பைராக்சினாக மாறுவதை அதில் கண்டார்.

மூழ்கும் படிகங்கள்

அக்காலத்தில் தீப்பாறைகளின் பன்மைக்குப் பல விளக்கங்கள் கூறப்பட்டன. எண்ணெயும் நீரும் பிரிவதுபோலப் பாறைக் குழம்பு இரு நீர்மங்களாகப் பிரிகிறது என்பது ஒன்று. குழம்பின் சூடான நடுப்பகுதிக்கும் குளிர்ந்த ஓரப்பகுதிக்கும் இடையே அணுக்கள் விரவிச் சென்று ஓரத்தில் சில தனிமங்கள் சேர்கின்றன என்பது மற்றொன்று. வெப்பநிலை வேறுபாட்டால் ஏற்படும் இவ்வகை விரவல் சோரே விளைவு எனப்படுகிறது.

போவன் மூன்றாவது விளக்கத்தை முன்வைத்தார். முதலில் தோன்றும் படிகங்கள் குழம்பைவிட அடர்த்தி மிகுந்தவையாக இருந்தால் கீழே மூழ்கும். அவை பிரிந்தபின் எஞ்சும் நீர்மத்தின் இயைபு வேறாகிவிடும். 1915-இல் அவர் வெளியிட்ட சோதனைகளில், சிறிய புடக்குகையில் இருந்த உருகிய சிலிக்கேட்டில் ஒலிவின் படிகங்கள் அடியில் சென்று சேர்ந்தன. அடர்த்தி குறைந்த டிரிடிமைட்டு படிகங்கள் மேலே மிதந்தன. அதே ஆண்டில், இக்கருத்தைத் தீப்பாறைகள் அனைத்துக்கும் விரிவுபடுத்தும் நீண்ட கட்டுரையையும் வெளியிட்டார்.

போர்க்காலக் கண்ணாடி

முதலாம் உலகப் போரின்போது செருமனியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒளியியல் கண்ணாடி அமெரிக்காவுக்குக் கிடைக்காமற் போயிற்று. தொலைநோக்கிகளுக்கும் இலக்கு காணும் கருவிகளுக்கும் அக்கண்ணாடி இன்றியமையாதது. 1917-இல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, உருகிய சிலிக்கேட்டுகளை நன்கறிந்த புவி இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் அப்பணியில் ஈடுபடுத்தப்பட்டனர். போவனும் அவர்களுள் ஒருவர்.

ஒளியியல் கண்ணாடி முழுவதும் ஒரே சீராக இருக்கவேண்டும். இயைபில் சிறு வேறுபாடு இருந்தாலும் கண்ணாடியினுள் கோடுகள் தோன்றி உருவத்தைச் சிதைக்கும். உருகிய கண்ணாடியைச் சும்மா விட்டுவைத்தால் அக்கோடுகள் எளிதில் மறைவதில்லை. ஆகவே கண்ணாடிக் குழம்பைத் தொடர்ந்து கலக்கவேண்டியிருந்தது. கண்ணாடித் தொழிலின் நடைமுறைகள் பாறையியலாளருக்குக் கற்பிப்பவற்றைக் குறித்து 1918-இல் போவன் ஒரு கட்டுரை எழுதினார்.

போர் முடிந்தபின் 1919-இல் குயின்சு பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகச் சேர்ந்தார். ஆயினும் 1920-இல் வாசிங்டன் ஆய்வுக்கூடத்துக்கே திரும்பிவிட்டார்.

விரவலை அளந்த ஆய்வு

விரவலின் கணித விதிகளைச் செருமானிய உடலியங்கியல் அறிஞர் அடால்ஃப் ஃபிக் 1855-இல் வகுத்திருந்தார். அமெரிக்க நிலவியலாளர் சியார்ச் பெக்கர், பாறைக் குழம்பில் விரவல் மிக மெதுவாக நடைபெறுவதால் அது பாறை வேறுபாட்டுக்குக் காரணமாக இருக்க இயலாது என்று 1897-இலேயே வாதிட்டிருந்தார். ஆனால் உருகிய சிலிக்கேட்டில் நேரடியாகச் செய்யப்பட்ட அளவீடுகள் அப்போது போதிய அளவில் இல்லை.

போவன் டயாப்சைடு, பிளாஜியோகிளேசு ஆகியவற்றின் உருகிய நீர்மங்களை ஒன்றின்மேல் ஒன்றாகப் புடக்குகையில் அமைத்தார். அடர்த்தி மிகுந்த நீர்மம் கீழே இருக்குமாறு பார்த்துக்கொண்டார். இல்லாவிடில் நீரோட்டம் ஏற்பட்டுக் கலவை தானாகவே கலந்துவிடும். குறிப்பிட்ட நேரத்துக்குப் பின் கலவையை உறையச்செய்து, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணைப் பல உயரங்களில் அளந்தார். ஒளிவிலகல் எண் இயைபைப் பொறுத்து மாறுவதால், எந்தப் பொருள் எவ்வளவு தொலைவு சென்றுள்ளது என்பதை அதிலிருந்து கணக்கிட முடிந்தது.

இதன் பொருளை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். பசால்ட்டு போன்ற குழம்பில் பல தனிமங்களின் விரவல் கெழு, நொடிக்கு ஒரு சதுர சென்டிமீட்டரின் கோடியில் ஒரு பங்கு என்ற அளவை ஒட்டி அமைகிறது. விரவல் செல்லும் தொலைவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். அதாவது இருமடங்குத் தொலைவு செல்ல நான்கு மடங்கு நேரம் தேவை. இக்கணக்கின்படி ஓர் ஆண்டில் விரவும் தொலைவு 2 சென்டிமீட்டருக்கும் குறைவு. நூறு ஆண்டுகளில் சுமார் 18 சென்டிமீட்டர். பத்து இலட்சம் ஆண்டுகளில் சுமார் 18 மீட்டர்.

வெப்பமோ இதைவிட மிக விரைவாகப் பரவுகிறது. பாறையின் வெப்ப விரவல் கெழு மேற்கண்ட எண்ணைப்போல் ஏறத்தாழ ஒரு இலட்சம் மடங்கு. எனவே 300 மீட்டர் தடிப்புள்ள ஒரு குழம்புப் படலம் ஆயிரம் ஆண்டுகளுக்குள் உறைந்துவிடும். அதற்குள் அணுக்கள் சென்றிருக்கும் தொலைவு அரை மீட்டர் அளவே. குழம்பு உறைவதற்கு முன் தனிமங்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் கடந்து ஓரத்தில் சேர வாய்ப்பில்லை. விரவல் என்ற விளக்கம் இவ்வாறு வலுவிழந்தது. படிகங்கள் பிரிவதே முதன்மைக் காரணம் என்ற போவனின் கருத்து வலுப்பெற்றது.

எதிர்வினை வரிசை

1922-இல் போவன் எதிர்வினைக் கோட்பாட்டை வெளியிட்டார். இதன்படி கனிமங்கள் இரு கிளைகளாக உருவாகின்றன. தொடர்ச்சியற்ற கிளையில் ஒலிவின், பைராக்சின், ஆம்பிபோல், பயோடைட்டு என்ற முறையில் ஒன்று மற்றொன்றாக மாறுகிறது. தொடர்ச்சியான கிளையில் கால்சியம் மிகுந்த பிளாஜியோகிளேசு சிறிது சிறிதாகச் சோடியம் மிகுந்ததாக மாறுகிறது. இறுதியில் இரு கிளைகளும் இணைந்து பொட்டாசியம் ஃபெல்ட்ஸ்பார், மஸ்கோவைட்டு, குவார்ட்சு ஆகியவை உருவாகின்றன.

இவ்வரிசையிலும் விரவலின் மெதுவான தன்மைக்குப் பங்குண்டு. படிகத்தினுள் அணுக்கள் இடம்பெயர்வது நீர்மத்தில் நிகழ்வதைவிடப் பன்மடங்கு மெதுவானது. எனவே படிகத்தின் உட்பகுதி நீர்மத்துடன் முழுமையாக வினைபுரிய இயலாமல், பல அடுக்குகளாகவே உறைந்துவிடுகிறது. இதனால் எஞ்சும் நீர்மத்தின் இயைபு மேலும் தொலைவுக்கு விலகிச்செல்கிறது.

1927-இல் பிரின்சுடன் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளைத் தொகுத்து, 1928-இல் தீப்பாறைகளின் பரிணாமம் பற்றிய நூலை வெளியிட்டார். அந்நூல் பல பத்தாண்டுகள் பாறையியலின் அடிப்படை நூலாக விளங்கியது.

எதிர்ப்புகளும் திருத்தங்களும்

போவனின் முடிவுகள் அனைத்தும் அவ்வாறே நிலைத்துவிடவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய கிளாரன்சு ஃபென்னர், பசால்ட்டுக் குழம்பு படிகமாகும்போது எஞ்சும் நீர்மத்தில் சிலிக்கா அல்லாமல் இரும்பே மிகுகிறது என்று 1929-இல் வாதிட்டார். கிரீன்லாந்தின் ஸ்கேர்கார்டு பாறைத் திரளை ஆராய்ந்து லாரன்சு வேகரும் வில்லியம் டீரும் 1939-இல் வெளியிட்ட முடிவுகள் ஃபென்னரின் கருத்துக்கு ஆதரவாக அமைந்தன. குழம்பில் உள்ள ஆக்சிசன், நீர் ஆகியவற்றின் அளவைப் பொறுத்து இரு வழிகளுமே நிகழக்கூடும் என்பது பின்னர் தெளிவாயிற்று.

நியூ செர்சியின் பாலிசேட்சு பாறைப் படலத்தின் அடியில் உள்ள ஒலிவின் அடுக்கு, மூழ்கிய படிகங்களுக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டு வந்தது. அது பின்னர் உட்புகுந்த தனிக் குழம்பினால் உண்டானது எனப் பிற்கால ஆய்வுகள் காட்டின. எல்லாக் குழம்புகளும் எதிர்வினை வரிசையை முழுமையாகப் பின்பற்றுவதில்லை என்பதும் அறியப்பட்டுள்ளது.

சிக்காகோவும் கிரானைட்டு விவாதமும்

1937-இல் போவன் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கு செய்முறைப் பாறையியலைக் கற்பித்தார். சுண்ணாம்புப் பாறைகள் வெப்பத்தால் உருமாறும்போது கனிமங்கள் தோன்றும் 13 படிநிலைகளை விளக்கும் கட்டுரை 1940-இல் வெளிவந்தது. 1947-இல் மீண்டும் வாசிங்டன் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பினார்.

அக்காலத்தில் கிரானைட்டின் தோற்றம் பற்றிய விவாதம் சூடுபிடித்திருந்தது. கிரானைட்டு குழம்பிலிருந்து உறைந்தது என்று போவன் கருதினார். மறுதரப்பினர், ஏற்கெனவே இருந்த திண்மப் பாறையே அணுக்களின் இடப்பெயர்ச்சியால் கிரானைட்டாக மாறியது என்றனர். அவர்களுள் சிலர், நீர்மத்தின் துணையில்லாமல், திண்மப் பாறையின் ஊடாகவே அணுக்கள் நெடுந்தொலைவு விரவிச்சென்றதாகவும் கூறினர். உருகிய நீர்மத்திலேயே விரவலின் எல்லை எவ்வளவு குறுகியது என்பதை அளந்தவர் போவன். திண்மத்தில் கிலோமீட்டர் கணக்கான விரவலை அவரால் ஏற்கமுடியவில்லை. 1947-இன் இறுதியில் ஒட்டாவாவில் நடைபெற்ற கருத்தரங்கில் இவ்விரு தரப்பினரும் தம் வாதங்களை முன்வைத்தனர்.

போவன் தம் வழக்கப்படி சோதனையையே நாடினார். ஃபிராங்க் டட்டிலுடன் இணைந்து, கிரானைட்டின் முதன்மைக் கூறுகளான இருவகை ஃபெல்ட்ஸ்பார்களையும் சிலிக்காவையும் உயர் அழுத்த நீராவியின் முன்னிலையில் உருக்கினார். அத்தகைய அழுத்தத்தில் இக்கலவை 700 பாகை செல்சியசு அளவிலேயே உருகியது. மிகக் குறைந்த வெப்பநிலையில் உருகும் கலவையின் இயைபு, இயற்கையில் காணப்படும் கிரானைட்டுகளின் இயைபை ஒத்திருந்தது. கிரானைட்டு உருகிய நிலையிலிருந்து தோன்றியது என்பதற்கு இது வலுவான சான்றாகும். ஆயினும், பசால்ட்டிலிருந்து பிரிந்தே கிரானைட்டுகள் தோன்றின என்ற போவனின் பழைய எண்ணம் முழுமையாக நிலைக்கவில்லை. பெரும் கிரானைட்டுத் திரள்கள் பலவற்றில் புவியோட்டுப் பாறைகள் உருகியதற்கும் முக்கியப் பங்குண்டு எனப் பின்னர் அறியப்பட்டது. டட்டில்–போவன் ஆய்வின் முழு விவரம், போவன் மறைந்த பின்னர் 1958-இல் வெளிவந்தது.

மறைவும் சிறப்புகளும்

போவன் 1952-இல் ஓய்வு பெற்றார். 1956 செப்டம்பர் 11 அன்று வாசிங்டனில் காலமானார். இவருக்கு இலண்டன் நிலவியல் கழகத்தின் பிக்சுபி பதக்கம் (1931), அமெரிக்க நிலவியல் கழகத்தின் பென்ரோசு பதக்கம் (1944), அமெரிக்கக் கனிமவியல் கழகத்தின் ரோப்ளிங் பதக்கம் (1950), இலண்டன் நிலவியல் கழகத்தின் வொல்லாஸ்டன் பதக்கம் (1950) ஆகியவை வழங்கப்பட்டன. 1949-இல் இலண்டன் அரச கழகத்தின் வெளிநாட்டு உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அமெரிக்கப் புவி இயற்பியல் ஒன்றியம் இவர் பெயரில் ஒரு விருதை வழங்கிவருகிறது.

தீப்பந்துகளின் கண்ணாடி

போவன் வாழ்ந்த காலத்திலேயே சிலிக்கேட்டு உருகலுக்குப் புதியதொரு வழி தோன்றிவிட்டது. 1945 சூலை 16 அன்று நியூ மெக்சிக்கோ பாலைவனத்தில் முதல் அணுகுண்டு வெடித்துச் சோதிக்கப்பட்டபோது, மணலில் இருந்த குவார்ட்சும் ஃபெல்ட்ஸ்பாரும் உருகிப் பச்சைநிறக் கண்ணாடியாக உறைந்தன. இக்கண்ணாடி டிரினிடைட்டு எனப்படுகிறது. போவன் இவ்வகைக் கண்ணாடியை ஆராய்ந்தவர் அல்லர். எனினும் இதனைப் புரிந்துகொள்ள அவர் உருவாக்கிய துறையின் வழிமுறைகளே பயன்படுகின்றன.

தரைக்கு அருகில் அணுகுண்டு வெடிக்கும்போது மண் தீப்பந்தினுள் இழுக்கப்பட்டு உருகித் துளிகளாகிறது. குண்டின் யுரேனியம் முதலியவை ஆவியாகி, தீப்பந்து குளிரும்போது அத்துளிகளின் மேற்பரப்பில் படிகின்றன. இரு துளிகள் மோதி ஒட்டிக்கொண்டால், மேற்பரப்பில் படிந்த மெல்லிய அடுக்கு இரண்டுக்கும் இடையே சிறைப்படுகிறது. துளி நீர்மமாக இருக்கும்வரை அந்த அடுக்கிலிருந்து தனிமங்கள் இருபுறமும் விரவுகின்றன. துளி கண்ணாடியாக உறைந்ததும் விரவல் ஏறத்தாழ நின்றுவிடுகிறது.

இத்தகைய அடுக்குகளின் தடிப்பு மைக்ரோமீட்டர் அளவிலேயே உள்ளது. 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், அடுக்கின் குறுக்கே யுரேனியம்-235, சிலிக்கான்-30 ஆகிய ஓரிடத்தான்களின் விகிதம் மாறும் விதம் அளக்கப்பட்டது. அதனை விரவல் சமன்பாட்டுடன் ஒப்பிட்டு, துளி 2500 கெல்வினிலிருந்து 1500 கெல்வினுக்குக் குளிரும்போது விரவலுக்குக் கிடைத்த நேரம் கணக்கிடப்பட்டது. வெடிப்பின் ஆற்றல் 0.1 கிலோடன்னாயின் அந்நேரம் 0.6 நொடிக்கும் குறைவு. 100 கிலோடன்னாயின் 3.5 நொடிக்கும் குறைவு. யுரேனியம் படிந்த வெப்பநிலை அதிக அளவாகச் சுமார் 2200 கெல்வின் எனவும் மதிப்பிடப்பட்டது. அதே அடுக்குகளில் எளிதில் ஆவியாகும் சோடியமும் எளிதில் ஆவியாகாத கால்சியமும் சேர்ந்து காணப்பட்டதால், தீப்பந்தில் ஆக்சிசன் மிகுந்திருந்தது என்றும் முடிவு செய்யப்பட்டது.

அணு வெடிப்பொன்றின் எச்சங்களை ஆராய்ந்து அதன் தன்மையை அறியும் அணுத் தடயவியலுக்கு இவை உதவுகின்றன. கதிரியக்கப் பொருட்கள் எந்தத் துகள்களில், எவ்வாறு சேர்ந்து தரையில் விழுகின்றன என்பதை முன்கணிக்கவும் இவை தேவைப்படுகின்றன. உருகிய சிலிக்கேட்டில் அணுக்கள் விரைவாக விரவியிருக்குமானால், துளி உறைவதற்குள் அடுக்குகள் கரைந்து தடயம் அழிந்திருக்கும். மலை அளவில் விரவலை ஒரு விளக்கமாக ஏற்கவொட்டாமல் செய்த அதே மெதுவான தன்மை, மைக்ரோமீட்டர் அளவில் அதனை ஒரு கடிகாரமாக ஆக்குகிறது.